நீலக் குல்லா

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மகள் இருக்கிறாள், பேரன் இருக்கிறான். எங்கள் காம்பவுண்டில் எல்லோரும் அவளைக் 'கலர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கேயும் அதுவே இருந்துவிட்டுப் போகட்டும்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு பொதுக் கிணற்றையும் முற்றத்தையும் சுற்றி வரிசையாகக் கட்டிய வீடுகள். எழுபதுகளின் நடுவில், கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து நானும் அம்மாவும் அங்கே குடிபோனோம். சாமான் வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, முதுகெல்லாம் சிவப்பாக ஒரு நாய். யாரோ அடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா பதறிப் போனாள். நாய் பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தால், கொடியில் சிட்டம் சிட்டமாக, நீள வளையங்களாகச் சுற்றிய கம்பளி நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சிவப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கு ஒண்ணியும் ஆவலம்மா. நேத்து பச்சையா இருந்துச்சி, இன்னிக்கி செவப்பு" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி வந்து எங்கள் டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஒல்லியான உடம்பு. விரல் நுனியெல்லாம் மருதாணி வைத்து அழிந்த மாதிரி ஏதேதோ நிறம். இடுப்பில் ஒரு பெரிய இரும்புச் சாவிக் கொத்து. அவள் வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு பூட்டு. மிச்சச் சாவியெல்லாம் எதற்கு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஸ்வெட்டர் பின்னுவது அவள் தொழில். செங்கல்பட்டு வெயிலில் ஸ்வெட்டரா என்று நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஆள் இருந்தார்கள். மார்கழியில் இழுப்பு வருகிற கிழவர்கள், கல்யாணமாகி வடக்கே போகிற பெண்கள், பிறந்த குழந்தைகள். ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு வீட்டில் வேலை செய்தபோது அந்த வீட்டு அம்மாளிடம் கற்றுக்கொண்டது. பழைய ஸ்வெட்டர்களை வாங்கிப் பிரித்து, நூலை அலசி, சுருக்கம் போக அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். பிறகு சாயம். முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, அதற்கென்று வைத்திருந்த அலுமினிய அண்டாவில் தண்ணீரும் வினிகரும் ஊற்றி, சாயப் பொடியைத் துணியில் முடிந்து போட்டு, நூலை இறக்குவாள். கொதிக்க விடக் கூடாது, கிண்டவும் கூடாது. கொதித்தால் நூல் இறுகிப் பாய் மாதிரி ஆகிவிடும். அன்றைக்கெல்லாம் காம்பவுண்டே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி இருக்கும்.

உள்ளதைச் சொன்னால், சாயம் போடுவதில் அவள் பெரிய கெட்டிக்காரி இல்லை. பொறுமை போதாது. ஒரு பக்கம் அடர்த்தியாக, ஒரு பக்கம் வெளிறிப்போய்த் திட்டுத் திட்டாக வரும். வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இவள் ஈரச் சிட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மேல இன்னொரு தபா முக்கி எடுத்தா சரியாப் பூடும்" என்பாள். ரோஸில் திட்டு விழுந்தால் சிவப்பில் முக்குவாள். சிவப்பில் விழுந்தால் அரக்கில். அரக்கும் கெட்டால் கறுப்பு இருக்கவே இருக்கிறது. கெட்டுப் போய்விட்டது என்று ஒரு நாளும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

ஒரு வாத்தியார் வீட்டம்மா வந்து, "நான் ரோஸ்தானே கேட்டேன்?" என்றாள். கையில் இருந்தது நல்ல அரக்கு.

"ரோஸ் அலுத்துப் போச்சிம்மா. இப்ப மெட்ராஸ்ல எல்லாம் இத்தத்தான் போட்டுகினு கீறாங்க. உங்க நெறத்துக்கு இது சும்மா எடுத்துக் காட்டும்."

அந்த அம்மா முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டு போனாள். அக்கா மெட்ராஸுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

நூலோடு நின்றிருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன். மனிதர்களையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். அவள் புருஷன் ரயில்வேயில் கலாசி. சம்பள நாளில் குடித்துவிட்டு வாசலிலேயே விழுந்து கிடப்பான். அக்கா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தி, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, போகிற வருகிறவர்களிடம் "நல்ல ஜொரம்" என்பாள். காம்பவுண்டுக்கே தெரியும். ஆனாலும் யாராவது ஒருத்தர் மிளகு ரசம் வைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். அவள் பொய்க்கு எல்லோரும் அப்படி ஒத்தாசை செய்தார்கள். அது ஏன் என்று யோசித்திருக்கிறேன். அவள் தனக்காக மட்டும் பொய் சொன்னவள் இல்லை. யாருக்குக் குறை இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அதன் மேல் எதையாவது போர்த்திவிடுவாள்.

எனக்கும் செய்யப் பார்த்தாள். என் வலது முன்கையில் சின்ன வயதில் கஞ்சி கொட்டிய தழும்பு, முழங்கை வரைக்கும் இருக்கும். ஒரு சித்திரை மாதம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் அக்கா வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். என் புடவைக்குப் பொருத்தமாகச் சாயம் போட்டுப் பின்னிய முழுக்கை ஸ்வெட்டர்.

"பாப்பா, இத்தப் போட்டுக்கோ. ஜலதோஷம்னு சொல்லிக்கலாம்."

சித்திரை வெயிலில், முழுக்கைக் கம்பளியோடு, பஜ்ஜித் தட்டை ஏந்திக்கொண்டு. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லி, வேண்டுமென்றே குட்டைக் கை ரவிக்கை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பார்த்தார்கள். போனார்கள். பதில் வரவில்லை.

அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. மறுநாள் கிணற்றடியில் என் பக்கத்தில் வந்து நின்று, அந்தத் தழும்பை ஒரு தடவை தடவிவிட்டு, என் குடத்தைத் தான் தூக்கிக்கொண்டு போனாள்.

அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள். சாதுவான பெண். யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் அம்மா முகத்தை ஒரு முறை பார்ப்பாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அக்கா அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் யாருக்கோ பின்ன வேண்டிய அரக்கு நூல். மகள் கிணற்றிலிருந்து வாளியோடு வந்தவள் நடுவில் நின்றாள். முகம் ஒரு பக்கமாக இழுத்தது. வாளி விழுந்தது, பின்னாலேயே அவளும் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, உதடு நீலம் பாரித்தது.

அக்கா ஓடவில்லை. முதலில் எல்லா வாசலையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஓடினாள். மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புச் சாவிக் கொத்தை அவள் கைக்குள் திணித்து, தலையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய், அண்டாவைக் காலால் உதைத்துக் கவிழ்த்தாள். சுடச்சுடச் சாயத் தண்ணீர் கிணற்றுப் பக்கமாக, மகள் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்பாக ஓடியது. நூல் மண்ணில் புரண்டது.

"சாயத் தண்ணில வயுக்கி வுயுந்துட்டா" என்றாள், வந்தவர்களிடம். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

பார்த்து நடக்க வேண்டாமா, அண்டாவை இப்படி வழியிலேயா வைப்பது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லோரும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் உதட்டோர நுரையை ஒருத்தரும் பார்க்கவில்லை. அக்கா நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். வலது பாதம் கொப்பளித்துப் போயிருந்தது.

"நீ இன்னா பாத்த, பாப்பா?"

"அவ விழுந்த அப்புறம்தான் அண்டா கவுந்துச்சு, அக்கா."

"ஆமா" என்றாள். மறைக்கவில்லை. பெரியவளானதிலிருந்து வலிப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பொட்டலமாக மாத்திரை கொடுக்கிறார்கள். விடாமல் போட்டால் மாதக்கணக்கில் வராது. இரண்டு நாள் விட்டால் வந்துவிடும். சாவி எதற்கு என்றும் சொன்னாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும், அது எங்கே எப்போது வரும் என்று தெரியாது. "அவளுக்குக் கல்யாணம் ஆவணும் பாப்பா. இது தெர்ஞ்சா ஆவாது. உன் வாயில இருந்து வராது இல்ல?"

வராது என்றேன். அன்றைக்கு எனக்கு அவள்மேல் பயம் வந்தது. வெந்த காலோடு அவள் தாங்கித் தாங்கி நடந்து போவதைப் பார்த்து, அன்றைக்குத்தான் பாசமும் வந்தது என்று நினைக்கிறேன்.

கல்யாணம் ஆயிற்று. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பம். அக்கா பிறந்ததும் அதை ஒட்டிய ஊர்தான், தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளை கட்டுமரத்தில் போகிறவன், அதிகம் பேசாதவன். மாமியார் தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள், அதிகம் பேசுகிறவள். திருப்போரூர் முருகன் கோயிலில் தாலி கட்டினார்கள். அக்கா அன்று முழுவதும் மகளை விட்டு ஒரு முழம் நகரவில்லை. பெண்ணைப் பிரியப் போகிற துக்கம் என்று எல்லோரும் கண் கலங்கினார்கள்.

அதற்குப் பிறகு மாதா மாதம் அக்கா முறுக்கு சுட ஆரம்பித்தாள். ஒரு டின் நிறைய முறுக்கு, அதற்கு அடியில் காகிதம், காகிதத்துக்கு அடியில் மாத்திரைப் பொட்டலம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். மகள் அதைப் பவுடர் டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்வாள். யாராவது பார்த்துவிட்டால் சத்து மாத்திரை. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், மாதம் தவறாமல் பலகாரம் கொண்டுவருகிறாள் என்று குப்பத்தில் அவளுக்கு நல்ல பேர்.

என்னால் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடலோரம், கிணறு, விறகடுப்பு. ஒரு பொட்டலம் தாமதமானால் என்ன ஆகும்? ஒரு நாள் கேட்டேவிட்டேன். "மாப்பிள்ளையிடமாவது சொல்லிடுங்க, அக்கா. தெரிஞ்சா பார்த்துக்குவாங்க இல்லையா?"

அக்கா பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினாள். "நீ உன் தயும்பக் காட்ன. இன்னா ஆச்சி?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள். 

மகள் உண்டாகிப் பிரசவத்துக்கு வந்தாள். பேறுகாலம் முடிகிற வரைக்கும் அக்காவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. இதற்கு நடுவில், வாழ்க்கையில் முதல் தடவையாக, கடையிலிருந்து புது வெள்ளைக் கம்பளி வாங்கினாள். பிறக்காத குழந்தைக்குச் சட்டை தயாராக வைப்பது எங்கள் பக்கம் ஆகாது. அதனால், தாசில்தார் வீட்டு ஆர்டர் என்று சொல்லிவிட்டாள். அந்தத் தாசில்தாருக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. மகளுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. குழந்தைக்குச் சட்டையும் குல்லாவும் பின்னுவதற்காக அந்தக் கம்பளியை எடுத்து இளமஞ்சளில் முக்கினாள். திட்டு விழுந்தது. மேலே நீலத்தை லேசாக விட்டுப் பச்சையாக்கப் பார்த்தாள். பாசி பிடித்த தொட்டி மாதிரி ஆகிவிட்டது. பேரனுக்குக் கறுப்பு போட முடியாது. ஆகவே, கையிலிருந்த நீலப் பொடி முழுவதையும் கொட்டி, கருநீலம்.

நூலுக்கும் ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் கொடுக்கிற சாயம் உள்ளே இறங்காது, சும்மா மேலே உட்கார்ந்துகொண்டிருக்கும். எத்தனை வாளி மாற்றினாலும் அலசுகிற தண்ணீர் நீலமாகவே நின்றது. "இன்னும் அலசணும் அக்கா" என்றேன். அலசுவாள்தான். ஆனால் அன்று பார்த்து மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மூன்றாம் மாதம் பிள்ளையைக் கூட்டிப் போக அடுத்த வாரம் என்று சொல்லியிருந்த நல்ல நாள் மாறிவிட்டது, தை வெள்ளிக்கிழமை, இந்த வெள்ளியே வந்து கூட்டிப் போகிறோம் என்றார்கள். அக்கா சிட்டத்தைப் பிழிந்து அடுப்புப் பக்கத்தில் காயப்போட்டு, கை ஓயாமல் பின்னினாள். தாடைக்குக் கீழே முடிச்சுப் போட இரண்டு கயிறு வைத்த குல்லா, பொத்தான் வைத்த சட்டை. வெள்ளிக்கிழமை குழந்தை ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி கருநீலத்தில் கிளம்பிப் போனான். நானும் கை அசைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் வந்து நின்றான்.

"ஒடனே கூட்டியாரச் சொன்னாங்க. கொயந்த நல்லாத்தான் கீது, பயந்துக்காத. ஆனா நீ வரணும்."

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "நீ ஒண்ணும் பேச வாணாம் பாப்பா. சும்மா பக்கத்துல குந்திகினு இரு."

என்ன நடந்தது என்று பஸ்ஸில் அந்தப் பையன்தான் சொன்னான். கடல் காற்று குளிராக இருக்கிறதென்று முந்தின நாள் சாயங்காலம் குழந்தைக்குக் குல்லாவையும் சட்டையையும் மாட்டித் தூளியில் போட்டிருக்கிறார்கள். அது கயிற்றைப் பிடித்துச் சப்பிக்கொண்டே தூங்கியிருக்கிறது. வியர்த்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் உதடு நீலம், நாக்கு நீலம், நெற்றி நீலம். மாமியார் பாம்பு என்று அலறியிருக்கிறாள். விஷம் ஏறினால்தான் உடம்பு அப்படி நீலம் பாரிக்கும். தெருவே கூடிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள், "என் வலிப்பு எம்புள்ளைக்கு வந்துடுச்சே" என்று.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரத்தில் ஒரு டாக்டரிடம் ஓடியிருக்கிறார்கள். அவர் பஞ்சை நனைத்து நெற்றியைத் துடைத்திருக்கிறார். நீலம் பஞ்சோடு வந்துவிட்டது. குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, மடியில் இருந்த சாவிக் கொத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். "அவ கத்தனது யார் யார் காதுல வுயுந்துச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லார் காதுலயும்தான்" என்றான் பையன்.

வீட்டு வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை சற்றுத் தள்ளி, கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு, தைக்காமல் இருந்தான். மகள் கதவோரம் குழந்தையோடு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாமியார் அந்தக் குல்லாவை எடுத்து அக்கா முன்னால் போட்டாள்.

"இது கெடக்கட்டும். இத்த வுடு. உம்பொண்ணுக்கு வலிப்பு கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

அக்கா சிரித்தாள். எனக்கு மிகவும் பழக்கமான சிரிப்பு அது. வாத்தியார் வீட்டம்மாவிடம் சிரித்த அதே சிரிப்பு.

"பச்ச ஒடம்புக்காரி, சம்பந்தி. கொயந்தைய அப்பிடிப் பாத்ததும் பித்து புட்ச்ச மாதிரி ஆயிட்டா. அந்த நேரத்துல வாயில வந்தத எல்லாம் நெசம்னு எட்த்துக்கலாமா? புள்ள பெத்தவளுக்கு இந்த மாதிரி உளறல் வரும்னு ஆஸ்பத்திரிலயே சொல்லி அனுப்புனாங்க."

கல்லில் செதுக்கினாற்போல அவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். விஷயம் தெரிந்த நானே ஒரு கணம் நம்பினேன். மகளைப் பைத்தியம் என்று ஊர் சொன்னாலும் பரவாயில்லை, வலிப்பு என்று சொல்லக் கூடாது. அந்த அளவுக்கு வந்துவிட்டாள். மகளை நான் பார்த்தேன். அவள் வழக்கம்போல அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்குப் பார்வை வேறு மாதிரி இருந்தது.

"நான் உளர்லம்மா" என்றாள்.

உள்ளே போய்ப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, மாமியார் மடியில் கவிழ்த்தாள். ஒன்றிரண்டு வெள்ளை மாத்திரைகள் விழுந்தன.

மாமியார் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதுதான் சத்து மாத்திரையா? இது பேரு இன்னா? எந்த டாக்டரு குடுக்கறாரு? எத்தினி வேள? தீந்து பூட்டா இன்னா ஆவும்?" ஒவ்வொன்றாக அக்காவைப் பார்த்துக் கேட்டாள். அக்கா வாய் திறக்கவில்லை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாகிவிடும். மகள்தான் ஒவ்வொன்றுக்கும் மெல்லப் பதில் சொன்னாள்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நேத்து காலைலகூட கொயந்தைய இடுப்புல வெச்சிகினு கெணத்துல தண்ணி சேந்தறா. நான்தான் அனுப்புனேன். மொந்தாநேத்து நெல்லு அவிக்கற அண்டாகிட்ட ஒண்டியா குந்திகினு இருந்தா. ஒரு வருஷமா இந்தப் பொண்ண நெருப்புலயும் தண்ணிலயும் தள்ளிகினு இருந்துக்கீறேன். தெர்ஞ்சிருந்தா செய்வேனா? தெர்ஞ்சிருந்தா எம்மவனுக்குக் கட்டியிருக்க மாட்டேன், அது வேற. ஆனா கட்டன அப்பறமாச்சும் சொல்லக் கூடாதா? அவ செத்துருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? வயுக்கி வுயுந்துட்டான்னா?"

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு எங்கிருந்து கிடைத்ததோ தெரியாது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை வலையைக் கீழே வைத்தான். மனைவியை மட்டும் பார்த்து, "எங்கிட்ட ஏன் சொல்லல நீ?" என்று கேட்டான். அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவன் எழுந்தான். பிறகு கடல் பக்கம் நடந்து போய்விட்டான்.

அக்கா எழுந்து மகள் கையைப் பிடித்தாள். "வா. துணிய எட்த்துக்க. நம்ம வூட்டுக்குப் போலாம்."

மகள் கையை விடுவித்துக்கொண்டாள். "நான் வரல. அவரு வர்ற வரிக்கும் இங்கதான் இருப்பேன். வெச்சிகினாலும் சரி, அனுப்புனாலும் சரி. அவரே சொல்லட்டும்."

"அனுப்பிட்டான்னா?"

"அப்ப வரேம்மா. இப்ப நீ போ."

 நாங்கள் கிளம்பும்போது மாமியார் அக்காவிடம் சொன்னாள்: "எம்மவன் மனசு எனக்கே தெர்ல, சம்பந்தி. அவன் இன்னா சொல்லுவானோ. ஆனா அவ இந்த வூட்ல கீற வரிக்கும் மாத்திர நான் வாங்கித் தரேன். நீ முறுக்கு எட்த்துகினு வராத." கடுமையாகத்தான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அந்த மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே மாமல்லபுரத்தில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நான், நடுவில் அக்கா. சீட்டின் அந்த ஓரத்தில் ஒரு இளவயசுப் பெண், மடியில் தன் குழந்தையோடு. நடக்க ஆரம்பித்திருக்கிற வயசுக் குழந்தை. அது அக்காவின் சாவிக் கொத்தை எட்டிப் பிடித்து இழுத்தது. அக்கா அதை இடுப்பிலிருந்து கழற்றி அதன் கையிலேயே கொடுத்துவிட்டாள். குழந்தை குலுக்கிக் குலுக்கி விளையாடியது. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னாம்மா, மக வூட்டுக்கா போயிட்டு வர்ற?"

"ஆமா."

"கொயந்த குட்டி கீதா?"

"பேரன்."

"பொண்ணு எப்டி கீது? நல்லா கீதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நல்லா கீது, மாமியா தாங்கறா, மாப்ள தங்கம். இப்படித்தான் வரும் என்று காத்திருந்தேன்.

"அவளுக்கு வலிப்பு கீதும்மா" என்றாள் அக்கா. "வயசுக்கு வந்ததுலேர்ந்து. மாத்திர போட்டுகினு கீறா. போட்டா ஒண்ணும் வராது."

திரும்பிப் பார்த்தேன். அவள் நேராக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு இல்லை. அவள் வாயால் அப்படி ஒரு வாக்கியத்தை, மேலே எதுவும் பூசாமல், நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"ஐயோ பாவமே" என்றாள் அந்தப் பெண். நல்லவள்தான், நிஜமாகவே இரக்கப்பட்டாள். "எந்தச் சாமிக்காச்சும் வேண்டிக்கம்மா" என்றாள்.  பிறகு குழந்தையின் கையிலிருந்து சாவிக் கொத்தை மெதுவாக வாங்கி, அக்காவைத் தொடாமல் அவள் பக்கத்தில் சீட்டின் மேல் வைத்தாள். குழந்தையைத் தூக்கி, அந்தப் பக்கத்துத் தொடையில் உட்கார வைத்துக்கொண்டு, அதன் விரல்களைப் புடவைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

அக்கா அதைக் கடைசி விரல் வரைக்கும் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இவ அடுத்த ஸ்டாப்ல எறங்கிடுவா, பாப்பா. எம்பொண்ணு அங்கயே ஆயுசுக்கும் இருக்கணும்."